இலக்கைத் தாங்கும் கால்கள்

ஈப்போவுக்குப் பக்கத்தில், மெங்லெம்புவில் அப்பாவின் வெல்டிங் பட்டறை இருக்கிறது. வீட்டு கேட், ஜன்னல் கம்பி, லோரியின் பின்கதவு, கல்குவாரிக்காரர்களின் தேய்ந்துபோன தொட்டி என எது வந்தாலும் செய்வார். பள்ளி விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். அப்பா தன் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. இந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், தண்டனையைக் கடுமையாக்கிய 1971ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கும் ஊரில், துப்பாக்கி என்பது போலீஸ்காரர் இடுப்பிலும் நகைக்கடை ஜாகாவின் தோளிலும் பார்த்துவிட்டு நகர்ந்துபோகும் பொருள்.

ஆனாலும் அப்பா துப்பாக்கிக்காக ஒன்றைச் செய்தார். சரியாகச் சொன்னால், துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஒன்றை. சுடும் பயிற்சிக்கான இரும்பு வட்டுகளைத் தொங்கவிடும் ஸ்டாண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால், லைசென்ஸ் உள்ள ஒரு கிளப்பின் உறுப்பினர் பட்டறைக்கு வந்தார். ஓய்வுபெற்ற சீனர். அப்பாவை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். வெளிநாட்டு ஸ்டாண்டு வாங்கினால் கப்பல் கூலியே கட்டுப்படியாகாது, நீங்களே செய்து கொடுங்கள் என்றார். அப்பா பேப்பரில் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னா பெரிய வேலை, ஊஞ்சல் மாதிரிதானே" என்று சொல்லிவிட்டார்.

ஊஞ்சல் மாதிரி இல்லை என்று புரிய அவருக்கு ஒரு வருடமும் மூன்று ஸ்டாண்டுகளும் பிடித்தன. அந்த ஒரு வருடத்தைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு நான் தேடிப் படித்த வரலாறு முழுவதும் அந்த மூன்றாவது ஸ்டாண்டில் இருந்துதான் தொடங்கியது.

முதல் ஸ்டாண்டு மரச்சட்டம். இரண்டுக்கு நாலு மரத்தில் இரண்டு பக்கமும் கால், மேலே ஒரு குறுக்குக் கட்டை, அதிலிருந்து இரண்டு சங்கிலி, சங்கிலியில் பட்டறையில் கிடந்த சாதாரண இரும்புத் தகடு. ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. தகடு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்து தகடு ஒரு பக்கமாகத் தொங்கியது. எங்களுக்குப் புரியாதது கால்கள்தான். தகடு தொங்கும் உயரத்தில், அதற்கு நேராக, இரண்டு கால்களும் உள்பக்கம் கரும்பை மென்று துப்பிய மாதிரி இருந்தன. கால் மேல் யாரும் சுடவில்லை என்று அந்த மனிதர் சத்தியம் செய்தார்.

அவர் சொன்னது உண்மை. ஈயத் தோட்டா கெட்டியான தகட்டில் மோதினால் பந்து மாதிரி திரும்பி வராது. நொறுங்கிவிடும். நொறுங்கிய ஈயம் தகட்டின் பரப்பை ஒட்டியபடியே மேலே, கீழே, இடம், வலம் என்று வட்டமாகத் தெறிக்கும். ஈரத் தரையில் தண்ணீர் பலூனை அறைந்தால் தண்ணீர் தரையோடு தரையாகப் பரவுவதைப் போல. அந்த வட்டத்தில் எது இருந்தாலும் அரிபடும். கால்கள் அதே தளத்தில் நின்றன, அதனால் அரிபட்டன. சங்கிலியும் அப்படியே. சுடுபவரின் குறி பிசகவே இல்லை என்றாலும் ஸ்டாண்டு அடி வாங்கிக்கொண்டேதான் இருக்கும்.

குழிகள் அதைவிட மோசம். தகடு மழமழவென்று இருக்கும்வரை சிதறல் தகட்டை ஒட்டிப் போகும். குழி விழுந்துவிட்டால் குழியின் விளிம்பு சிதறலைத் திருப்பி, சுட்டவரின் பக்கமே அனுப்பும். எனவே குழி விழாத இரும்பு வேண்டும். அதை அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்குவாரித் தொட்டிகளின் உள்பக்கம் வைக்கும் கெட்டித் தகடு அது. பாறை விழுந்து விழுந்து சாதாரண இரும்பு தேய்ந்துபோகும் இடங்களில் ஹார்டாக்ஸ் மாதிரித் தகடுகளைப் போடுவார்கள். பிரினெல் கணக்கில் கடினம் 500 அளவுக்கு இருக்கும் தகடுகள்தான் உலகம் முழுவதும் இலக்குகளாகத் தொங்குகின்றன. அப்பாவுக்கு அதன் பெயர் 'ஹார்ட் பிளேட்'. பெசி புருக் கடையில் ஒரு துண்டு கிடைத்தது.

இரண்டாவது ஸ்டாண்டில் அப்பா தன் தொழிலைக் காட்டினார். கால்கள் இரும்புக் குழாய், எல்லா இணைப்பும் வெல்டிங், கெட்டித் தகட்டின் மேல் இரண்டு கொக்கிகள், அவையும் வெல்டிங். பார்க்க அழகாக இருந்தது. மூன்று மாதம் தாங்கியது. திரும்பி வந்தபோது தகட்டின் நடுப்பகுதி பளபளவென்று இருந்தது. கொக்கிகளைச் சுற்றி மட்டும் குழிகள். கடினமான தகட்டின் கடினம் அதற்குக் கொடுத்த வெப்பப் பக்குவத்தில் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அந்தப் பக்குவம் கலைந்து, அந்த இடம் மறுபடி சாதாரண இரும்பாகிவிடுகிறது. கேஸில் வெட்டினாலும் விளிம்புக்கு அதே கதிதான். முப்பது வருடம் வெல்டிங் செய்தவரிடம் 'இதில் வெல்டிங் வைக்கக்கூடாது' என்றால் எப்படி இருக்கும்! இரண்டு நாள் அப்பா அந்தத் தகட்டோடு பேசவில்லை. எங்களோடும்தான்.

குழாய்க் கால்களும் தோற்றன. உருண்டைக் குழாயில் படும் துண்டு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. பட்ட இடம் நசுங்கியது, சில இடங்களில் ஓட்டை. ஒரு மரக்கால் கெட்டால் மாற்ற ஐந்து வெள்ளி. இதைச் சரிசெய்ய அறுத்து, நேராக்கி, மறுபடி ஒட்ட வேண்டும்.

மூன்றாவது ஸ்டாண்டு இன்றைக்கும் நிற்கிறது. தரையில் ஆங்கிள் இரும்பில் செய்த இரண்டு பாதங்கள். அவற்றின் கூர்முதுகு சுடுபவரைப் பார்த்தபடி இருக்கும், வருவது இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் போய்விடும். பாதத்தில் சதுரக் குழிகள். குழிகளில் மரக்கால்களைச் செருகவேண்டியதுதான், ஆணிகூடக் கிடையாது. மேலே மரக்குறுக்குக் கட்டை. சங்கிலிக்குப் பதில் கல்குவாரியில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டில் வெட்டிய பட்டை. ரப்பர் பட்டையில் தோட்டா பட்டால் ஓட்டை போட்டுக்கொண்டு போய்விடும், பட்டை அறாது. தகடு அதிர்வதையும் ரப்பர் விழுங்கிக்கொள்ளும். தகட்டையும் பட்டையையும் சேர்ப்பது ஒரே ஒரு போல்ட். அதன் தலை உருண்டையாக, முன்பக்கம். நட்டு பின்பக்கம். ஓட்டையைக்கூட சூடு படாமல், தண்ணீர் பீய்ச்சி வெட்டும் மிஷின் உள்ள கடையில் போட்டு வந்தார்.

பட்டை தகட்டின் முதுகுப்பக்கம் மேலே பிடித்திருப்பதால், தகடு தன் எடையிலேயே தலையை முன்னால் சாய்த்துக்கொள்ளும். அதன் முகம் தரையைப் பார்க்கும். சிதறல் மண்ணுக்குப் போகும். நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை கால்கள் அரிபட்டுப் போகும். அந்த மனிதர் வந்து நான்கு கட்டைகள் வாங்கிப்போவார்.

"அடி வாங்குறது மாத்தக்கூடியதா இருக்கணும்யா. அவ்ளோதான் சூட்சுமம்," என்றார் அப்பா.

அந்த வாக்கியம் என் மனதில் தங்கிவிட்டது. பிறகு பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தபோது, அது பட்டறையைத் தாண்டியும் உண்மை என்று தெரிந்தது.

நம் ஊர்களின் பெயர்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். பினாங்கு ஆயர் ஈத்தாம் பக்கம் உள்ள பழைய அடுக்குமாடிகளை ரைபிள் ரேஞ்ச் என்கிறோம். கோலாலம்பூரில் தற்காப்பு அமைச்சு இருக்கும் சாலையின் பெயர் ஜாலான் பாடாங் தெம்பாக், அதாவது சுடும் திடல் சாலை. சிங்கப்பூரில் புக்கித் தீமா பக்கம் ரைபிள் ரேஞ்ச் சாலை. அதன் பெயரிலேயே 2022இல் ஓர் இயற்கைப் பூங்காவையும் திறந்தார்கள். உள்ளே போனால் பழைய கல்குவாரி ஒன்று குளமாகிக் கிடக்கிறது. காலனி ஆட்சி போன இடமெல்லாம் தேவாலயம், கிரிக்கெட் திடலுக்கு அடுத்து ஒரு சுடும் திடலும் வந்தது. சத்தம் போய்விட்டது. பெயர் மட்டும் பஸ் நிறுத்தப் பலகையில் இருக்கிறது.

சிங்கப்பூரில் இது சீக்கிரமே ஆரம்பித்தது. 1854இல் ஹொக்கியென், தியோச்சு மக்களுக்கு இடையே பெரிய கலவரம் மூண்டது. அதே ஆண்டில் அங்கிருந்த ஐரோப்பியர்கள் சேர்ந்து சிங்கப்பூர்த் தன்னார்வத் துப்பாக்கிப் படையை அமைத்தார்கள். வணிகர்கள், கம்பெனி குமாஸ்தாக்கள், வக்கீல்கள். வார நாளில் கணக்குப் புத்தகம், ஓய்வு நேரத்தில் துப்பாக்கி. இங்கிலாந்திலேயே இந்தத் தன்னார்வ அலை 1859இல்தான் பெரிதாக எழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் படையெடுத்து வருவார்கள் என்ற பயம் அதற்குக் காரணம்.

அந்த அலையில் பிறந்ததுதான் பிரிட்டனின் தேசியத் துப்பாக்கிச் சங்கம். 1860 ஜூலை 2ஆம் தேதி விம்பிள்டன் திடலில் அதன் முதல் போட்டி. முதல் தோட்டாவை விக்டோரியா ராணி சுட்டார் என்று எழுதுவார்கள். அவர் துப்பாக்கியைத் தோளில் வைக்கவில்லை. விட்வொர்த் துப்பாக்கி ஒன்றை முன்கூட்டியே ஓர் இரும்புத் தாங்கியில் பூட்டி, 400 கஜம் தள்ளியிருந்த இலக்குக்குக் குறிபார்த்து வைத்திருந்தார்கள். விசையில் கட்டிய பட்டுக்கயிற்றை ராணி இழுத்தார். தோட்டா மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பட்டது. கூட்டம் கைதட்டியது ராணிக்கு. என் கண் போவது அந்தத் தாங்கியைச் செய்தவர்களிடம்.

அன்றைய விம்பிள்டன் இலக்குகள் இரும்புத் தகடுகள். நிமிர்த்தி நிறுத்தி, முட்டுக் கொடுத்து, வெள்ளையடித்து, மையத்தைக் கறுப்பாகத் தீட்டியிருப்பார்கள். தோட்டா பட்டால் டங்கென்று கேட்கும், வெள்ளைப் பூச்சில் ஈயக்கறை விழும். அந்தக் கறையைப் பார்த்து எங்கே பட்டது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர்தான் மார்க்கர். இலக்குக்குப் பக்கத்திலேயே மறைப்புக்குள் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு ஒவ்வொரு நிறக் கொடியைக் காட்டுவார். சிவப்புக் கொடி காட்டிவிட்டு வெளியே வந்து, கறையின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு மறுபடி உள்ளே போவார். அரிபட்ட மரக்கால்களைப் பார்த்த எனக்கு, அந்த மறைப்புக்கு வெளியே ஒரு விரல் நீண்டிருந்தால் என்ன ஆகும் என்று தெரியும்.

1870களில் விம்பிள்டனில் இரும்பு போய்த் துணி வந்தது. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, குழிக்குள்ளிருந்து மேலே தூக்கிக் காட்டி, இறக்கி, ஓட்டையில் தாள் ஒட்டும் முறை. சிதறல் குறைந்தது. ஆனால் குழிக்குள் ஆள் இருந்தார். சிங்கப்பூரில் தேசிய சேவை செய்த நண்பர்களிடம் கேட்டால் இலக்குக் குழியில் நின்ற கதைகள் வரும். தலைக்கு மேல் தோட்டா போகும் சத்தம் சவுக்கடி மாதிரி இருக்கும் என்பார்கள்.

இரும்பு முழுவதுமாகப் போய்விடவில்லை. வேறு ஊரில், வேறு காரணத்துக்குத் திரும்பி வந்தது. மெக்சிகோவில் ஊர்த் திருவிழாக்களில் கோழி, வான்கோழி, ஆடு போன்றவற்றைத் தூரத்தில் முளையடித்துக் கட்டி, யார் முதலில் சுடுகிறார்கள் என்று போட்டி வைப்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த உயிர்களுக்குப் பதிலாக அதே உருவத்தில் வெட்டிய இரும்பை நிறுத்தினார்கள். இன்றும் அந்தப் போட்டி உலகின் பல நாடுகளில் நடக்கிறது. கோழி 200 மீட்டர், காட்டுப்பன்றி 300, வான்கோழி 385, செம்மறி 500. பட்டால் மட்டும் போதாது, உருவம் பீடத்திலிருந்து கீழே விழ வேண்டும். தடுமாறி நின்றுவிட்டால் கணக்கில்லை. முளையில் கட்டிய உயிர் விழுந்த ஞாபகம் அந்த விதிக்குள் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். எப்படியோ, இரும்பு ஓர் ஆட்டைக் காப்பாற்றியிருக்கிறது. நான் படித்த இலக்கு வரலாற்றில் எனக்குப் பிடித்த பக்கம் இதுதான்.

நம் கதைகளிலும் இது இருக்கிறது. துரோணர் மரத்தில் பறவையை வைத்து, என்ன தெரிகிறது என்று ஒவ்வொரு சீடனாகக் கேட்ட கதையைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை கிடையாது. அர்ச்சுனனுக்குப் பறவை மட்டும்தான் தெரிந்தது, பிறகு அதன் தலை மட்டும்தான் தெரிந்தது. வியாச பாரதத்தில் அது உயிருள்ள பறவை இல்லை. சிற்பிகள் செய்த செயற்கைப் பறவை என்று மூலமே சொல்கிறது. பள்ளியில் இதைச் சொன்ன எந்த ஆசிரியரும் அந்தச் சிற்பிகளைச் சொன்னதில்லை. மற்ற எதையும் பார்க்காதே என்பதுதான் அந்தக் கதையில் துரோணர் நடத்தும் பாடம். மரம், கிளை, செய்தவன் கை எதுவும் தெரியக்கூடாது. அர்ச்சுனன் தேறினான். நாமும் அவனைப் போலவே கதையைக் கேட்டுத் தேறிவிட்டோம்.

இந்த இடத்தில் என் தாத்தாவைச் சொல்ல வேண்டும். அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தச்சர். 1948 ஜூன் 16 அன்று அந்த வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. துரைமார் பங்களாக்களைச் சுற்றி முள்கம்பியும் மண்மூட்டையும் வந்தன. சிறப்புக் காவலர்களாக ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். தோட்டத்துத் துரைகள் இடுப்பில் துப்பாக்கியோடு ஆள் கணக்கு எடுத்தார்கள்.

தாத்தாவின் துரை ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளத்தில் பயிற்சி செய்வாராம். இலக்கு வைக்கச் சட்டம் செய்தவர் தாத்தா. ரப்பர் மரத்துக் கட்டையில் சட்டம், அதில் ஸ்டோரிலிருந்து கழித்த ஒரு பழைய இரும்புத் தகட்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். துரை சுடும்போது மண்மேட்டுக்குப் பின்னால் தாத்தா உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிட்டதும் வந்து பார்த்து, எங்கே பட்டது என்று கையைக் காட்ட வேண்டும். அதற்குத் தனிக் கூலி கிடையாது. 'ஞாயிறுதானே' என்று கிராணி சொன்னாராம்.

தாத்தாவின் இடது முன்கையில், தோலுக்கு அடியில், மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். சின்ன வயதில் நான் அதை அழுத்தி விளையாடியிருக்கிறேன். உள்ளே நகரும். மரத்தூள் என்று சொல்லிவைத்திருந்தார். அது மரத்தூள் இல்லை என்பதை அப்பா எனக்குச் சொன்னது மூன்றாவது ஸ்டாண்டு செய்தபோதுதான். மேட்டின் ஓரத்தில் கையை ஊன்றி எழப்போன நேரத்தில் துரை இன்னொரு முறை சுட்டிருக்கிறார். தகட்டிலிருந்து தெறித்த துண்டு. டிரெஸர் மருந்து போட்டுக் கட்டிவிட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு தாத்தா மறுபடி பள்ளத்தில் இருந்தார். தகட்டில் குழி விழுந்தால் சிதறல் திரும்பும் என்று அவருக்கோ துரைக்கோ யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தெரிந்திருந்தாலும், மாற்றக்கூடிய பொருள் எது என்பதில் அந்தத் தோட்டத்தில் யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது.

தகட்டின் தலை சாய்ந்திருக்கிறதா என்று அப்பா தண்ணீர் மட்டம் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்ததற்கு அர்த்தம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு குடும்பக் கதை. ஆனால் சிங்கப்பூர்த் தன்னார்வப் படையைப் பற்றிப் படித்துக்கொண்டே போனபோது 1915க்கு வந்து சேர்ந்தேன். அந்த ஆண்டு பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறையில், அலெக்ஸாண்ட்ரா முகாமில் இருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கலகம் அடங்கிய பிறகு ராணுவ நீதிமன்றம் கூடியது. 47 பேருக்கு மரண தண்டனை. அதை ஊட்ரம் சாலைச் சிறையின் சுவருக்கு வெளியே, எல்லோரும் பார்க்க நிறைவேற்றினார்கள். மேட்டுச் சரிவில் ஆயிரக்கணக்கில் கூட்டம். சுவருக்கு முன்னால் வரிசையாகக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். கம்பத்துக்கு ஓர் ஆள். ஒரு தண்டனை நாளில் எதிரே துப்பாக்கியோடு நின்றவர்கள் சிங்கப்பூர்த் தன்னார்வப் படையின் ஆட்கள். திடலில் இலக்கைச் சுட்டுப் பழகிய அதே குமாஸ்தாக்கள், வணிகர்கள்.

அந்தப் புகைப்படம் கிடைக்கிறது. எல்லோரும் அதில் மனிதர்களைத்தான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். பட்டறையில் வளர்ந்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது கம்பங்கள். சமமான இடைவெளியில் நிற்கின்றன. யாரோ அளவெடுத்து, குழி தோண்டி, நட்டு, நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்திருக்கிறார்கள். கூலிக்கு வந்த ஆளாக இருக்கலாம், கைதியாக இருக்கலாம். எதற்கு என்று தெரிந்தே நட்டிருப்பார்கள். ஒரு கம்பம் சாய்ந்திருந்தால் மேலதிகாரி திட்டியிருப்பார், மறுபடி நிமிர்த்தியிருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்த அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு இலக்குகளின் உருவம் மாறிய கதையைப் படித்தேன். விம்பிள்டன் காலத்தில் இலக்கு என்பது சதுரத் தகடு, வட்ட மையம். போயர் போரில் பிரிட்டிஷ் படை பட்ட அடிக்குப் பிறகு, வட்டத்தைச் சுட்டுப் பழகினால் போதாது என்று மனித உருவங்களுக்கு முக்கியத்துவம் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவ எழுத்தாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல், போர்முனையில் பெரும்பாலான வீரர்கள் எதிரியைப் பார்த்துச் சுடுவதே இல்லை என்று 1947இல் எழுதினார். அவர் காட்டிய கணக்கைப் பிற்கால ஆய்வாளர்கள் பலர் நம்பவில்லை. ஆனால் ராணுவம் நம்பியது. 1950களில் திடீரென்று எழுந்து நிற்கும் மனித உருவ இலக்குகள் அமெரிக்கப் பயிற்சித் திடல்களுக்கு வந்தன. சுட்டால் விழும், மறுபடி எழும். தேசிய சேவை செய்த என் நண்பர்கள் 'ஃபிகர் லெவன்' என்று சாதாரணமாகச் சொல்லும் இலக்கும் மனித உருவம்தான். ஆட்டுக்குப் பதில் இரும்பு வைத்த மெக்சிகோவில் இரும்பு உயிரைக் காப்பாற்றியது. இங்கே அதே இரும்பும் அட்டையும், மனித உருவத்தைப் பார்த்தால் கை தயங்கக்கூடாது என்று பழக்குகின்றன. செய்கிற பட்டறைக்கு இரண்டும் ஒரே வேலை. அதே தகடு, அதே போல்ட்.

இலக்குப் பயிற்சியே தீமை என்று சொல்ல வரவில்லை. அப்பாவின் வாடிக்கையாளர் நல்ல மனிதர். கண்ணாடி இல்லாமல் யாரையும் திடலுக்குள் விடமாட்டார். கைத்துப்பாக்கி என்றால் பத்து கஜத்துக்குள் இரும்பைச் சுடக்கூடாது, ரைபிள் என்றால் நூறு கஜமாவது தள்ளியிருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு முறை என்னையும் கூட்டிப்போனார். பார்க்க மட்டும். வட்டுகள் டிங், டிங் என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தம் கோயில் மணி மாதிரி இருந்தது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பட்டதா இல்லையா என்று தெரிய யாரும் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டியதில்லை, இரும்பே சொல்லிவிடுகிறது. தாத்தாவின் வேலையை நல்ல இரும்பும் நல்ல சாய்மானமும் எடுத்துக்கொண்டன.

போன வருடம் அவர் புது ஆர்டரோடு வந்தார். இந்த முறை வட்டு இல்லை. தலை, தோள், மார்பு வரை ஆள் உருவத்தில் ஆறு தகடுகள். ஸ்டாண்டோடு சேர்த்து நல்ல விலை பேசினார். அந்த மாதம் பட்டறையில் வேலை குறைவு. அப்பா படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த ஷேப்பு வெட்ட நம்மகிட்ட மிஷின் இல்ல தவுக்கே. ஸ்டாண்டு மட்டும் செஞ்சு தர்றேன். பிளேட்டு வேற கடையில வெட்டிக்குங்க," என்றார்.

வட்டுகளையும் நாங்கள் பட்டறையில் வெட்டியதில்லை. எல்லாமே வெளியே கொடுத்து வெட்டி வந்ததுதான். அவருக்கும் அது தெரியும். ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போனதும், "அப்ப ஸ்டாண்டு மட்டும் ஏன்பா?" என்று கேட்டேன். அது தப்பான கேள்வியோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்பா பதில் சொல்லாமல் கிரைண்டரைப் போட்டுவிட்டார்.

ஆறு ஸ்டாண்டுகளும் இரண்டு வாரத்தில் தயாராயின. நான்தான் மரக்கால்களை அறுத்தேன். ஒவ்வொன்றையும் குழியில் செருகி, ஆட்டிப் பார்த்தேன். தகடு இன்னும் வராததால் ரப்பர் பட்டைகள் வெறுமனே தொங்கின. அப்பா கடைசியாக வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எல்லாம் ஒரே நேராக நிற்கின்றனவா என்று பார்த்தார்.